ஆனைக்கல்லுக்கு எத்தனை குடம்?

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகச் சுற்றுச்சுவர் கட்டியிருந்தார்கள். நீளமான சுவர். வெள்ளை அடித்த புதுசில் வெயில் பட்டால் கண் கூசியது.

அதில் படம் வரைய வெள்ளிக்கிழமை பெயின்டர் திம்மராயன் வந்தார். காதில் ஒரு பிரஷ், கையில் ஒரு போன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"பாருங்க பசங்களா, இதுதான் வரையப் போறேன்" என்று போனை நீட்டினார்.

பனி மூடிய மலை. நீல ஏரி. ஏரியில் இரண்டு அன்னம். ஓரத்தில் ஒரு மர வீடு.

"சூப்பரா இருக்குது!" என்று கத்தினார்கள்.

பவளம் மட்டும் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, இந்த மலை எங்க இருக்குது?"

திம்மராயன் தலையைச் சொறிந்தார். "யாருக்கும்மா தெரியும்? வாட்ஸ்அப்ல வந்தது. சூளகிரிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல இதான் வரைஞ்சேன். வேப்பனப்பள்ளில ஒரு கல்யாண மண்டபத்துலயும் இதான். யாரும் குறை சொல்லல."

சத்யப்ரியா டீச்சர் சிரித்துவிட்டார். "நம்ம சுவத்துல நம்ம பக்கத்து மலை இருந்தா நல்லா இருக்குமே. யாராவது போட்டோ எடுத்துக்கிட்டு வர்றீங்களா? நல்லா இருந்தா அதையே வரையச் சொல்லலாம். ஆனா திங்கக்கிழமை காலைல வேலை ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள வேணும்."

"நம்ம பக்கமா டீச்சர்?" என்றான் முத்துமணி. "நம்ம பக்கத்துல என்ன கலர் இருக்குது? அதுலயும் பவளத்தோட ஊரு இருக்குதே, மரம் சாம்பல், வீடு சாம்பல், ஆடு கூட சாம்பல். அண்ணாவுக்கு ஒரே டப்பா போதும்!"

எல்லாரும் சிரித்தார்கள். திம்மராயனும் சிரித்தார்.

பவளத்தின் ஊர் பாறைக்கொட்டாய். பர்கூர் போகிற சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரைச் சுற்றி மூன்று கல் அறுக்கிற கம்பெனிகள். மெஷின் ஓடினால் கல்லில் இருந்து மாவு மாதிரி தூசி பறக்கும். கூரையில் படியும், இலையில் படியும், தலைமுடியில் படியும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு பட்டப்பெயர் உண்டு. பவுடர் டப்பா.

பவளத்துக்கு அது பழகிப் போயிருந்தது. ஆனால் அவள் தம்பி கந்தன் இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். தினமும் பள்ளி கேட்டுக்கு முன்னால் நின்று, நனைந்த நாய்க்குட்டி மாதிரி தலையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவான். போன வாரம் அக்காவின் காதோடு ஒன்று கேட்டான்.

"அக்கா, நான் வேற ஊருல இருந்து வர்றேன்னு சொல்லிடட்டா?"

அந்தக் கேள்விதான் பவளத்துக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"நான் எடுத்துக்கினு வர்றேன் டீச்சர். எங்க ஊரு மலையை" என்றாள்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பவளத்தின் அம்மா மணிமேகலை ஓசூரில் செல்போன் தயாரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து கூட்டிப் போகும். உள்ளே போன் கொண்டு போகக் கூடாது. அதனால் அம்மாவின் போன் பகலெல்லாம் வீட்டில் அரிசி டப்பாவின் மேல் தூங்கும்.

"நாளெல்லாம் போன் செய்யறவளுக்கு ஒரு போன் பண்ண முடியாது" என்று அப்பா கேலி செய்வார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பவளம் அந்தப் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே கந்தன்.

வீடுகளுக்குப் பின்னால் ஆனைக்கல் இருந்தது. ஒரே பாறையில் ஆன மலை. யானை ஒன்று காலை மடக்கிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். பவளம் அதை நின்று எடுத்தாள், உட்கார்ந்து எடுத்தாள், குப்புறப் படுத்தும் எடுத்தாள். இருபத்தாறு படம். எல்லாவற்றிலும் யானை ஒரு சிமென்ட் மூட்டை மாதிரி கிடந்தது. புளியமரம் திருநீறு பூசிக்கொண்டு நின்றது. பாதை ஓரத்தில் கம்பெனிக்காரர்கள் கொட்டிய உடைகல் குவியல், வெறும் குப்பையாகத் தெரிந்தது.

"அக்கா, இதுல ஒரு பட்டன் இருக்குது" என்று கந்தன் எதையோ அமுக்கினான்.

மலை ஊதா நிறம் ஆனது. வானம் ரோஸ் ஆனது. ஓரத்தில் நின்ற ஆடு பச்சையாகிவிட்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"இதையே குடுத்துடலாமா?" என்றான் கந்தன்.

பவளம் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம்டா. யாராவது வந்து நேர்ல பார்த்தா? அப்புறம் உன்னை ஊதாமலைக்காரன்னு கூப்பிடுவாங்க."

மறுநாள் சனிக்கிழமை. அப்பா பூபதி சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பவளம் அதை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்கிற கல் கம்பெனிக்குப் போனாள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். கேட்டிலேயே நின்றாள்.

அப்பா வந்தார். முகம் வெள்ளை, புருவம் வெள்ளை, கண் இமை கூட வெள்ளை. குழாயில் கை கழுவித் துடைத்த பிறகுதான் தூக்கை வாங்கினார்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்ட்டம்ப்பா."

அப்போதுதான் பவளம் உள்ளே பார்த்தாள். அறுத்த கல் பலகைகள் மூன்று, கதவு உயரத்துக்குச் சாய்ந்து நின்றன. மூன்றும் ஒரே சாம்பல். எதிரே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்றார். கல் வாங்க வந்தவர்.

அங்கே வேலை செய்கிற வெங்கடம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்தாள். முதல் பலகை மேல் சளீரென்று வீசினாள்.

பவளம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர் பட்ட இடமெல்லாம் கல் சிவந்தது. மாதுளம் முத்துகளைக் கொட்டிப் பரப்பிய மாதிரி சிவப்பு. இரண்டாவது பலகை பச்சை, அதில் வெள்ளைக் கோடுகள் ஆறு மாதிரி ஓடின. மூன்றாவது கறுப்பு. கறுப்புக்குள்ளே நீலப் புள்ளிகள், மயில் கழுத்தில் மின்னுகிற மாதிரி மின்னின.

"பெரியம்மா, சாயம் பூசியிருக்கீங்களா?" என்று பவளம் கேட்டில் இருந்தே கத்தினாள்.

வெங்கடம்மாள் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏ பூபதி, உம் பொண்ணு என்னா சொல்லுது கேட்டியா! சாயமாம்! கல்லோட கலரே அதான் பாப்பா. தூசி மூடிக்கினு கிடக்குது. தண்ணி ஊத்துனாத்தான வாங்கறவருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். வெயிலில் தண்ணீர் காய்ந்தது. சிவப்பு, பச்சை, கறுப்பு மூன்றும் ஓரத்தில் இருந்து மெல்ல மெல்லச் சாம்பலுக்குள் போயின.

பவளம் வீட்டுக்கு நடக்கவில்லை. ஓடினாள்.

பாறைக்கொட்டாயில் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அதைத் தொட்டால் அம்மா சும்மா விடமாட்டாள். அதனால் துணி அலசிய தண்ணீரைப் பக்கெட்டோடு தூக்கிக்கொண்டாள். கந்தன் மக்கைத் தூக்கிக்கொண்டான்.

புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு மக் ஊற்றினாள். பச்சை! இப்போதுதான் பிறந்த மாதிரி பச்சை.

உடைகல் குவியலில் ஒரு மக். மேலே இருந்த நாலைந்து துண்டுகள் வளையல் கடை மாதிரி ஆயின.

ஆனைக்கல்லின் அடிக்குப் போய் மிச்சத்தை ஊற்றினாள். பாறை கொய்யாப்பழத்தின் உள்பக்கம் மாதிரி ரோஸ் நிறத்தில் விழித்துப் பார்த்தது. அதன் மேல் யாரோ மஞ்சள் தெளித்த மாதிரி திட்டுத் திட்டாகப் பாறைப்பாசி.

"அக்கா!" என்றான் கந்தன். ஈரப் பாறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

ஆனால் அது ஒரு முறம் அளவு இடம்தான். பக்கத்தில் ஊற்றப் போவதற்குள் முதலில் ஊற்றிய இடம் காய்ந்துவிட்டது. பக்கெட்டும் காலி.

இரண்டு பேரும் அண்ணாந்து மலையைப் பார்த்தார்கள்.

"ஆனைக்கல்லு முழுசுக்கும் எத்தினி குடம் வேணும்க்கா?"

"காதுக்கே நூறு குடம் வேணும்டா."

"முதுகுக்கு?"

"ஒரு லட்சம்."

கந்தன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப ஊத்தி முடிக்கிறதுக்குள்ள நான் தாத்தா ஆயிடுவேன்."

பவளம் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். யானையின் முதுகுக்கு மேலே கருப்பாக ஒரு மேகம் நின்றது. அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"டேய், ஊத்தறதுக்கு ஆள் இருக்குதுடா."

ஆனால் அந்த ஆள் சனிக்கிழமை வரவில்லை. மேகம் ஆந்திரா பக்கம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தே பவளம் தயாரானாள். எங்கே நின்றால் மலை, மரம், குவியல் மூன்றும் விழும் என்று நடந்து பார்த்தாள். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில், தன் வீட்டுப் பின்வாசலில் இருந்து பத்தடியில் ஓர் இடம் கிடைத்தது. அங்கே ஒரு கல்லை வைத்து அடையாளம் போட்டாள். போன் நனையாமல் இருக்கப் பால் கவர் ஒன்றைக் கழுவிக் காய வைத்தாள்.

அன்றைக்கு அம்மாவுக்கு லீவு. "இடி நிக்கிற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. பாறைகிட்டப் போகவே கூடாது" என்றாள்.

"போகமாட்டேம்மா. பாரு, இடம்கூட இங்கதான் வச்சிருக்கேன்."

மத்தியானம் கரெண்ட் போனது. சாயங்காலம் மேகம் கூடியது. பவளம் ஓடிப் போய்ப் போனை எடுத்தாள். ஆறு சதவீதம்தான் சார்ஜ்.

"காலைல நாப்பது இருந்துச்சே!"

கந்தன் மெதுவாகச் சொன்னான். "நான் போட்டோவுல கொஞ்சம் நாய்க்காது வச்சுப் பார்த்தேன். எனக்கு. அப்புறம் ஆட்டுக்கு."

திட்ட நேரமில்லை. மழை வந்துவிட்டது.

சாதாரண மழை இல்லை. தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி மழை. ஊரில் எல்லாரும் படார் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். எப்போதும் அப்படித்தான். பவளம் மட்டும் பின்கதவில் ஒரு சாண் இடுக்கு விட்டு, வாசப்படிக்கு உள்ளேயே நின்று பார்த்தாள்.

முதலில் ஓடிய தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. கூரையில் இருந்தும் இலையில் இருந்தும் பாறையில் இருந்தும் அந்த வெள்ளை இறங்கி இறங்கிப் போனது. பிறகு தண்ணீர் தெளிந்தது. இடி மெல்ல மெல்லத் தூரம் போனது. பிறகு கேட்கவே இல்லை. மழை நின்றது.

அம்மா தலையை ஆட்டினாள். பவளம் வெளியே வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

படுத்திருந்த யானை எழுந்து வரப் போகிற மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் ரோஸ். தண்ணீர் வழிந்த இடங்களில் கன்னங்கறுப்பாகக் கோடுகள், எண்ணெய் தேய்த்துப் பிரித்துவிட்ட கூந்தல் மாதிரி. பாறைப் பிளவுகளில் எல்லாம் வெள்ளி ஓடை. முதுகில் மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தன. அதற்குக் கீழே புளியமரம் ஒவ்வொரு குட்டி இலையையும் தனித்தனியாகக் காட்டியது. மண் செங்கல்லை விடச் சிவப்பு. குப்பை என்று இத்தனை நாள் தாண்டிப் போன உடைகல் குவியல் ஆயிரம் நிறத்தில் மின்னியது.

வானவில் வரவில்லை. வந்திருந்தாலும் பவளம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. போன் 'டிங்' என்றது. மூன்று சதவீதம்.

அவசரமாக ஒன்று எடுத்தாள். அதே நேரத்தில் ஆடு ஒன்று முன்னால் வந்து உடம்பை உதறியது. படம் முழுக்க ஆட்டு வால்.

இரண்டு சதவீதம்.

மறுபடியும் போனைத் தூக்கினாள். இப்போது கந்தன் குறுக்கே நடந்து போனான். குவியலுக்கு முன்னால் போய், மலையைப் பார்த்தபடி நின்றுவிட்டான். கூரையில் இருந்து சொட்டிய தண்ணீரில் அவன் தலை நனைந்து முடி கருகருவென்று ஒட்டியிருந்தது.

'நகருடா' என்று கத்தப் பவளம் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். யானையும் மரமும் கல்லும் தம்பியும் எல்லாம் ஒன்றாக இருந்தன. அமுக்கினாள்.

போன் கறுத்து அணைந்தது.

படம் விழுந்ததா, இல்லையா?

"அம்மா, வெளிய வாயேன்!"

மணிமேகலை முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். இருட்டில் போய், களைத்து வந்து தூங்குகிறவள். "இது நம்ம ஊரா?" என்று கேட்டாள்.

அப்பாவும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மலையை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை பார்த்தார். அப்புறம் சொன்னார். "தினமும் கல்லு மேல தண்ணி ஊத்திப் பார்க்கிறோம். வீட்டுக்குப் பின்னால இத்தினி பெருசா ஒண்ணு கிடக்குது. ஒருநாள் கூட நான் பார்த்ததில்ல பாப்பா."

பக்கத்து வீட்டுக் கதவுகளும் ஒன்றொன்றாகத் திறந்தன.

அரைமணி நேரம்தான். மேற்கே வெயில் எட்டிப் பார்த்தது. யானையின் தலை முதலில் காய்ந்தது, பிறகு முதுகு. சாலையில் கல் லாரி ஒன்று போனது.

கரெண்ட் ஏழு மணிக்கு வந்தது. பவளம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கந்தன்தான் பார்த்தான்.

"அக்கா, ஆட்டு வால் இருக்குது."

"அப்புறம்?"

"அப்புறம்... நான் இருக்கேன்! ஆனைக்கல்லும் இருக்குது!"

திங்கட்கிழமை காலையில் பெயின்டர் திம்மராயன் நீல டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். பவளம் அம்மாவிடம் கெஞ்சி வாங்கி வந்த போனை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் பார்த்தார். உடனே பெயின்டரிடம் நீட்டினார்.

"அப்பப்பா!" என்றார் திம்மராயன். "ஏம்மா, இது எந்த ஊரு?"

"பாறைக்கொட்டாய்."

"போம்மா! அந்த வழியா நான் வாரத்துல மூணு நாள் வண்டி ஓட்டறேன்."

முத்துமணி எட்டிப் பார்த்தான். "பொய். பட்டன் அமுக்கிக் கலர் மாத்தியிருப்பா."

இப்படிச் சொல்வான் என்று பவளத்துக்குத் தெரியும். பையில் இருந்து ஒரு உடைகல் துண்டை எடுத்தாள். சாம்பல் நிறத் துண்டு. முத்துமணியின் கையில் வைத்தாள். தன் பாட்டிலைத் திறந்து அதன் மேல் தண்ணீர் ஊற்றினாள்.

முத்துமணியின் உள்ளங்கையில் மாதுளை சிவந்தது.

அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான். காய்ந்ததும் மெதுவாகச் சொன்னான். "இன்னொரு தடவை ஊத்து."

படம் வரைய ஐந்து நாள் ஆனது. திம்மராயன் தினமும் புலம்பினார். "பனி மலைன்னா ரெண்டு டப்பால முடிஞ்சிடும். இந்த ஆனை பதினோரு டப்பாவைக் குடிச்சிடுச்சு!" புலம்பிக்கொண்டே சாயங்காலம் ஆனால் எதிரே போய் நின்று தான் வரைந்ததையே பார்ப்பார். கந்தனையும் வரைந்தார். சட்டையில் ஒரு பக்கம் கிழிந்திருந்ததைக் கூட விடவில்லை.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். "யார்ரா அது, மலைகிட்ட நிக்கிறது?"

"நான்தான்" என்றான் கந்தன். "அது எங்க ஊரு."

கல் லாரி போகிற சாலை பள்ளிக்கு முன்னாலும் போகிறது. பத்து நாளில் சுவர் மேல் தூசி படிந்தது. ரோஸ் மங்கியது. பச்சை மங்கியது.

முத்துமணி சுவருக்கு முன்னால் நின்று கத்தினான். "பவளம்! உன் ஆனை பவுடர் பூசிக்கிச்சு!"

பவளம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே தன் பாட்டிலைத் திறந்தான். மிச்சம் இருந்த தண்ணீரை எடுத்து, வெங்கடம்மாள் மாதிரியே சளீரென்று வீசினான். யானையின் காது பளிச்சென்று வெளியே வந்தது.

இப்போதெல்லாம் சாயங்காலம் நீள மணி அடித்ததும் யாரும் பாட்டிலில் தண்ணீரோடு வீட்டுக்குப் போவதில்லை. காதுக்கு யார், முதுகுக்கு யார், புளியமரத்துக்கு யார் என்று வரிசையில் நிற்கிறார்கள்.

சுவரில் நிற்கிற கந்தனின் தலைக்கு மட்டும் கந்தனே ஊற்றுகிறான்.